இரண்டாம் எண் என்றால் இரண்டாம் தரமா?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு முடித்த என் மகளுக்கு பிரான்சில் துலூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரு தாளில் 'துலூஸ் 2' என்கிறது, இன்னொன்றில் 'லெ மிராய்', வேறொன்றில் 'ழான் ழோரெஸ்'. தொடங்கியது 1229 என்கிறார்கள் சிலர், 1970 வாக்கில் என்கிறார்கள் சிலர். 'இது போலி, பணத்தைக் கட்டி ஏமாறாதீர்கள்' என்கிறார் என் மச்சினர். என்ன செய்யட்டும்?
- வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: மச்சினர் எச்சரித்ததில் தப்பில்லை. ஆனால் இந்த இடத்தில் அந்தப் பயம் வேண்டாம். மூன்று பெயரும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தினுடையவை.

எண் 2 தர வரிசை அல்ல, பாகப்பிரிவினை. 1968 மே மாத மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு, அந்த நவம்பரில் வந்த சட்டத்தால் பிரான்சின் பெரிய பல்கலைக்கழகங்கள் பிரிக்கப்பட்டன. மதுரை காமராசரிலிருந்து நம் பக்கத்துக் கல்லூரிகளை எடுத்து 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் வந்ததே, அது மாவட்டக் கணக்கு. துலூஸில் பாடக் கணக்கு. சட்டமும் பொருளாதாரமும் 1, இலக்கியம், வரலாறு, மொழிகள் 2, அறிவியலும் மருத்துவமும் 3.

1229 கதைதான் சுவையானது. போரில் பணிந்துபோன துலூஸ் பிரபு ஏழாம் ரெமோன் பிரெஞ்சு அரசரோடு பாரிசில் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒரு ஷரத்து: பத்தாண்டுகளுக்கு 14 ஆசிரியர்களின் சம்பளத்துக்காக அவர் 4,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) கட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் வேரூன்றியிருந்த, கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத காத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவைப் பாடம் நடத்தி ஒடுக்குவது நோக்கம். தண்டப் பணத்தில் பிறந்த பல்கலைக்கழகம்! 1229 என்று மார்தட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இருந்தாலும் அந்த 14 பேரில் கலைப் பாடங்களுக்கு ஆறு பேர், இலக்கணத்துக்கு இரண்டு பேர். அன்றைக்கே பெரும்பான்மை உங்கள் மகள் பக்கம்தான். நடுவில் 1793இல் புரட்சி அரசு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மூடியது. 1896இல்தான் மறுபடி அந்தப் பெயர் வந்தது. ஆகவே என்னைக் கேட்டால், பாகம் பிரிந்து தனியாக வந்த 1970 வாக்குதான் நேர்மையான கணக்கு.

லெ மிராய் என்பது வளாகம் இருக்கும் புறநகர்ப் பகுதி. 2001 செப்டம்பர் 21இல் நகரத்து உர ஆலையில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்ததில் இந்த வளாகமும் சேதமடைந்தது. ழோரெஸ் 1880களில் துலூஸில் தத்துவம் கற்பித்தவர். பின்னாளில் சோஷலிஸ்டுத் தலைவராகி, முதல் உலகப் போரைத் தடுக்கப் பாடுபட்டு, 1914 ஜூலை 31 அன்று பாரிஸ் உணவகம் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைப் பல்கலைக்கழகம் சூட்டிக்கொண்டது 2014இல். பழைய தாள்களில் பழைய பெயர் இருப்பது அதனால்தான்.

மச்சினரின் கவலையைக் கட்டணத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு கூடுதல். சில பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன. உங்கள் மகளுக்கு அது உண்டா என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.