மனை விளம்பரம் எழுதும் தரகர்களுக்கு: கேள்வி பதில்

தாம்பரத்திலிருந்து ஒருவர்: சார், தொழிலுக்குப் புதுசு. வாட்ஸ்அப்பில் வரும் லேஅவுட் விளம்பரங்களில் என் நம்பரைப் போட்டு அனுப்பலாமா?

முதலில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வாங்குங்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டிய லேஅவுட் என்றால் அதற்கும் பதிவு வேண்டும், அதில் மனை விற்றுக் கொடுக்கும் உங்களுக்கும் வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம்; சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். அடுத்தவர் விளம்பரம் என்றால் அவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர் நம்பரை அழித்துவிட்டு உங்கள் நம்பரைப் போடுவது அவர் உழைப்பைத் திருடுவது.

செங்கல்பட்டிலிருந்து ஒருவர்: எல்லோரும் 'பஸ் ஸ்டாண்டுக்கு 5 நிமிடம்' என்றுதான் எழுதுகிறார்கள். உண்மையை எழுதினால் போன் வருமா?

குறைவாக வரும். ஆனால் வருகிறவர் மனையைப் பார்த்ததும் முகம் சுளிக்க மாட்டார். நிமிடக் கணக்கை விடுங்கள், கிலோமீட்டரை எழுதுங்கள். மனைக்கு முன்னால் இருக்கும் சாலை எத்தனை அடி, எந்தத் திசை, மழைக்குத் தண்ணீர் நிற்குமா, மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா? இதெல்லாம் இடத்தைப் பார்க்க வந்தால் எப்படியும் தெரியப்போகிறது. நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அளவைச் சென்ட்டில் சொன்னால் சதுர அடியையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது நகரத்தில் வளர்ந்த பலருக்குத் தெரியாது.

அப்புறம் அங்கீகாரம். அனுமதி தந்தது டிடிசிபியா (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சிஎம்டிஏவா (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), அனுமதி எண் என்ன என்பதைத் தெளிவாகப் போடுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவ்ட்' என்று எழுதி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரமில்லாத மனையைப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. 2016 அக்டோபர் 20-க்குள் மனையாகவே பதிவாகியிருந்தால்தான் விலக்கு. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கக் கூடாது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் நீங்கள் பார்த்த பிறகே விளம்பரம் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: நம்பிக்கை வர பத்திரத்தைப் போட்டோ எடுத்துப் போடலாமா?

கூடாது. அதில் உரிமையாளரின் கையெழுத்து, முகவரி எல்லாம் இருக்கும். நேரில் வருபவருக்குக் காட்டுங்கள். வீட்டுப் படம் போடுவதற்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒருவர்: விற்ற வீட்டின் விளம்பரத்தை அப்படியே விட்டால் போன் வந்துகொண்டே இருக்கிறது. தவறா?

தவறுதான். எடுத்துவிடுங்கள். இல்லாத வீட்டைக் காட்டிக் கூப்பிட்டு வேறொன்றைத் தலையில் கட்டுவது ஏமாற்று.

சேலத்திலிருந்து ஒருவர்: கமிஷனை எப்போது சொல்வது?

முதல் போனிலேயே. ஒரு சதவீதமோ இரண்டோ, தொகையாகவே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

கோவையிலிருந்து ஒருவர்: வாடகை வீட்டுக்கு 'எங்க ஆளுங்களுக்கு மட்டும்' என்று போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். அண்ணா, என்ன செய்யட்டும்?

போடாதீர்கள் தம்பி. உங்கள் பெயரில் போகும் எழுத்து அது. வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி, வண்டி நிறுத்த இடம் இவற்றை மட்டும் எழுதித் தருகிறேன் என்று அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.