டைம்யோக்களைப் பற்றிக் கேளுங்கள்

ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) ஆங்காங்கே ஆண்ட குறுநிலத் தலைவர்கள்தான் டைம்யோக்கள். அவர்களைப் பற்றிக் கேளுங்கள். நிஞ்ஜா வேண்டாம்.

கே: டைம்யோ என்றால் சாமுராய்தானே?

ப: டைம்யோ எல்லாரும் சாமுராய். சாமுராய் எல்லாரும் டைம்யோ இல்லை. குறைந்தது 10,000 கோகு மதிப்புள்ள நிலம் இருந்தால்தான் டைம்யோ.

கே: ஒரு கொக்கு எத்தனை ஏக்கர்?

ப: கோகு. கொக்கு பறக்கும். அது நில அளவே இல்லை, அரிசி அளவு: சுமார் 150 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டை இரண்டு. ஓர் ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்று கணக்கு. காகா நாட்டு (டைம்யோ ஆளும் பகுதியைத்தான் நாடு என்கிறேன்) மாஎதா குடும்பத்துக்கு 10 லட்சம் கோகுவுக்கு மேல். அது விளைச்சல் மதிப்பு. அத்தனையும் அவர்கள் கைக்கு வந்ததாக நினைக்காதீர்கள்.

கே: ஒரு வருடம் ஊரில், ஒரு வருடம் தலைநகரிலாமே?

ப: ஆமாம், ‘சங்கின் கோதாய்’. 1635இல் ஷோகன் (டைம்யோக்களுக்கு மேலே இருந்த ராணுவ ஆட்சியாளர்) இயெமிட்சு சட்டமாக்கினார். மனைவியும் வாரிசும் எப்போதும் ஷோகனின் தலைநகரான எடோவில்தான் (இன்றைய டோக்கியோ). பிணைக்கைதிகள், வேறென்ன? அதனால்தான் ஹகோனே சோதனைச் சாவடியில், எடோவை விட்டு வெளியேறும் பெண்களிடம் அத்தனை கெடுபிடி. சோதிக்கத் தனியாக ஒரு பெண்மணி இருப்பார். கொண்டையை அவிழ்த்து, முடியைக் கோதிப் பார்த்து, அனுமதிச் சீட்டில் எழுதியிருப்பதோடு சரிபார்ப்பார்.

கே: டைம்யோக்களை ஓட்டாண்டியாக்கத்தானே இந்த ஏற்பாடு?

ப: எல்லாரும் சொல்வதுதான், ஆனால் தப்பு. ‘கூட வரும் ஆள்கூட்டம் மிகுந்துவிட்டது, நாட்டுக்கும் வீண்செலவு, மக்களுக்கும் சிரமம், குறையுங்கள்’ என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கேட்டார்களா? காகா ஊர்வலத்தில் 2,000 பேருக்கு மேல் போனதுண்டு. எடோவுக்குள் நுழையும்போது மட்டும் கூலிக்கு ஆள் பிடித்து வரிசையை நீட்டியவர்களும் உண்டு. எல்லாம் பக்கத்து நாட்டானுக்குக் காட்டத்தான்.

கே (அவரே): சட்டத்தில் எழுதுவது ஒன்று, மனசில் இருப்பது ஒன்று.

ப: சரி, இதைப் பாருங்கள். 1722இல் கஜானா வற்றியபோது, ஷோகன் யோஷிமுனே 10,000 கோகுவுக்கு 100 கோகு வீதம் அரிசி கேட்டார். கொடுத்தால் எடோவில் அரை வருடம் இருந்தால் போதும். ஓட்டாண்டியாக்குவதே குறி என்றால் இந்தச் சலுகை எதற்கு?

கே (மறுபடி அவரே): பாரம் என்று தெரிந்துதானே விலை பேசினார்?

ப: பாரம் என்பதை நான் மறுக்கவே இல்லை. கண்பார்வையில் அடக்கி வைப்பதுதான் குறி, செலவு அதன் பின்னால் வந்தது. இதற்கு மேல் இழுக்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: ஊர்வலம் வந்தால் மக்கள் மண்டியிட வேண்டுமா?

ப: ‘ஷிதா நி’ (கீழே) என்று கூவி வருவது ஷோகன் வம்சமான தொகுகாவாவின் கிளைக் குடும்பங்கள் மாதிரிப் பெரிய இடங்கள். வேற்று நாட்டு டைம்யோ என்றால் ஒதுங்கி நின்றால் போதும்.

கே: சாமுராய் வேறு, டைம்யோ வேறா?

ப: முதல் பதில்.

கே: டைம்யோக்களிடம் நிஞ்ஜா...

ப: அடுத்தவர்.

கே: இன்றைக்குப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ப: 1871இல் அவர்கள் நாடுகளே கலைக்கப்பட்டன. ஆனாலும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ‘அகாமோன்’ என்ற சிவப்பு வாசல் இருக்கிறது. அந்த வளாகம் மாஎதாக்களின் எடோ மாளிகை இருந்த இடம். ஷோகன் இயெநாரியின் மகள் மருமகளாக வந்தபோது, 1827இல், அவளுக்காகக் கட்டிய வாசல் அது.