வைப்பர் ரப்பர் கண்ணாடியில் வழுக்கி ஓடவும் நெடுநாள் உழைக்கவும் எப்படித் தயாரிக்க வேண்டும்? கிராஃபைட் பூசினால் போதுமா?

போதாது. பூசுவதற்கு முன் குளோரின் குளியலும், பூசிய பிறகு கத்தி வெட்டும் சரியாக அமையாவிட்டால் கிராஃபைட்டுக்குச் செய்த செலவு வீண். சிறு அளவில் தயாரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பூச்சில்தான் கவனம் வைக்கிறார்கள். ஆகவே ரப்பரிலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன்.

இயற்கை ரப்பர் இதற்கு நல்ல தேர்வு. வளைந்து திரும்பும் துடிப்பும் கிழியாத பலமும் அதில் உண்டு. ஓசோன் பட்டால் வெடிப்பதுதான் அதன் குறை. அதனால் பலர் ஓசோனைத் தாங்கும் செயற்கை ரப்பரான குளோரோபிரீனையும் கலக்கிறார்கள். கலந்தால் மக்னீசியம் ஆக்சைடும் சேர்க்க வேண்டும். இயற்கை ரப்பரில் மட்டும் தொடங்குவதானால், எடைக் கணக்கில் 100 பங்கு ரப்பருக்கு எச்.ஏ.எஃப். வகைக் கார்பன் பிளாக் (ரப்பருக்குப் பலம் தரும் நுண்கரித்தூள்) 45, துத்தநாக ஆக்சைடு 5, ஸ்டீயரிக் அமிலம் 1, ஓசோன் தடுப்பான் 1 முதல் 2, கந்தகம் 1.5, சி.பி.எஸ். முடுக்கி (கந்தகம் ரப்பரோடு பிணைவதை வேகப்படுத்தும் பொருள்) 1 என்பது முதல் சோதனைக்கு ஏற்ற அளவு. ரப்பரின் கடினம், அதை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 60 முதல் 65 வரை இருக்கட்டும். ரப்பரைக் கலக்கும் உருளை மில்லில் எளிதாக ஓட வேண்டும் என்று எண்ணெயை அள்ளி ஊற்றாதீர்கள். அது மெல்ல வெளியே கசிந்து கண்ணாடியில் படலமாகப் படியும். மெழுகும் ஓசோன் தடுப்பானும் அளவு மீறினால் அதே கதிதான்.

இப்படிக் கலந்த ரப்பரை, அதாவது காம்பவுண்டை, கட்டாயம் நுண்ணிய வலையில் வடிகட்ட வேண்டும். கலையாத ஒரு கரிக்கட்டி விளிம்பில் நின்றாலே போதும், ஒவ்வொரு வீச்சிலும் கண்ணாடியில் கோடு விழும். கந்தகத்தையும் முடுக்கியையும் கடைசியில், காம்பவுண்ட் சூடு 100 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சேருங்கள்.

பிளேடுகளை ஒற்றையாக வார்ப்பதில்லை. இரண்டு பிளேடுகள் உதட்டோடு உதடு (கண்ணாடியைத் துடைக்கும் விளிம்பு) ஒட்டிய ஒரே பட்டையாக வார்ப்பதுதான் வழக்கம். 150 டிகிரியில் ஏறத்தாழ 10 நிமிடம் வல்கனைசிங் (கந்தகம் பிணைந்து ரப்பர் உறுதியாகும்படி வேகவைப்பது) தேவைப்படும், சரியான நேரத்தை, ரப்பர் வேகும் விதத்தை அளக்கும் ரியோமீட்டர் கருவி சொல்லும். சரியாக வேகாத ரப்பர், வண்டியை வெயிலில் நிறுத்தும்போது வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். பிறகு ஒரு பக்க வீச்சில் துடைக்கும், மறு பக்க வீச்சில் தடதடக்கும். உதட்டுக்கு மேலே இருக்கும் மெல்லிய கழுத்திலும் கவனம் வேண்டும். அது தடித்தால் உதடு திரும்பத் தாமதமாகி 'டக்' என்று சத்தம் வரும், மிக மெலிந்தால் அந்த இடமே கிழியும்.

அடுத்தது குளோரின். இயற்கை ரப்பரின் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகளில் குளோரின் ஏறி, மேற்பரப்பின் மெல்லிய தோலை மட்டும் கெட்டியாக்குகிறது. உள்ளே ரப்பர் ரப்பராகவே இருக்கும். முதலில், ரப்பர் அச்சில் ஒட்டாமல் இருக்க அடித்த மோல்டு ஸ்பிரேயின் சிலிக்கானைச் சோப்பு நீரில் சுத்தமாகக் கழுவ வேண்டும், கழுவாத இடத்தில் குளோரின் பிடிக்காது. சோடியம் ஹைப்போகுளோரைட்டை நீர்த்து, அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். அப்போது வெளிவருவது நச்சான குளோரின் வாயு. மூடிய தொட்டி, காற்றை உறிஞ்சிக் காரக் கரைசலில் கழுவும் அமைப்பு, முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. 1, 2, 4 நிமிடம் என்று துண்டுகளை முக்கிப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். பிறகு சோடா உப்புக் கரைசலில் அமிலத்தை முறித்து, அலசி, உலர்த்துங்கள்.

நேரம் கூடினால் தோல் நொறுங்கும். துண்டை முழுதாக மடித்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: நுண்வெடிப்பு தெரிந்தால் அந்தத் தொகுதி ஆகாது. குறைந்ததா என்று அறிய, உலர்ந்த சுத்தமான கண்ணாடியில் எடை வைத்துச் சுருள் தராசால் இழுங்கள். பதப்படுத்தாத ரப்பருக்கு இழுவிசை வைத்த எடையையே தாண்டும், நன்கு பதப்பட்டதற்கு அதைவிடத் தெளிவாகக் குறையும்.

இதன் மேல்தான் கிராஃபைட். பாலியூரித்தேன் போன்ற வளையும் பிணைப்பியில் கலந்து, சில மைக்ரான் தடிப்பில் பூசுவார்கள். மழை விட்டுக் கண்ணாடி பாதி காய்ந்து நிற்கும் கட்டத்தில்தான் ரப்பர் அதிகம் ஒட்டிக் கீச்சிடும். பூச்சின் உண்மையான பயன் அங்கேதான்.

வெட்டுதான் கடைசி. இரட்டைப் பட்டையை நடுவில் நீளவாக்கில் பிளந்தால் இரண்டு பிளேடுகள் கிடைக்கும். வெட்டிய முகமும் பூசிய பக்கமும் சந்திக்கும் அந்தக் கூர்மூலைதான் தண்ணீரை வழிக்கிறது. வெட்டிய பிறகு பூசினால் மூலை மழுங்கி, தண்ணீர் படலமாக நின்றுவிடும். கத்திக்குத் தண்ணீர் விடுங்கள், மினரல் எண்ணெய் வேண்டாம், அதில் இயற்கை ரப்பர் ஊதும். மொட்டைக் கத்தி ரப்பரை இழுத்து வெட்டி விளிம்பை அலை அலையாக்கும். இந்தத் தொழிலில் கத்தியில் மிச்சம் பிடிப்பதைப் போல நஷ்டமான சிக்கனம் வேறில்லை என்பது என் திடமான கருத்து.

சோதனைக்கு 5 லட்சம் வீச்சுச் சுற்று என்று இலக்கு வையுங்கள். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் ஏறக்குறைய 185 மணி நேரம் ஈரக் கண்ணாடியில் ஓட்ட வேண்டும். நடுவே கோடு விழுந்தால் கண்ணாடியில் அந்த இடத்தைக் குறித்து, ரப்பரில் அதற்கு நேரான இடத்தை லென்ஸில் பாருங்கள். குழி தெரிந்தால் வடிகட்டும் வலையைச் சரிபாருங்கள், அலை தெரிந்தால் கத்தியை மாற்றுங்கள், நுண்வெடிப்பு தெரிந்தால் குளோரின் நேரத்தைக் குறையுங்கள்.