நாலு ராமும் 6000-இல் ஓட வேண்டும் என்றால்

ரைசன் 5 7600எக்ஸ் சிபியு, நாலு 16 ஜிபி டிடிஆர்5 ராம் குச்சி, எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) 6000 வேகத்துக்கு வைத்ததும் திரை கறுப்பாகவே நிற்கிறது, சிபியு வேறு 95 டிகிரி தொடுகிறது, அதுதானேங்க உங்கள் பிரச்சினை?

ராம் பழுது இல்லைங்க. ஒரு சேனலுக்கு, அதாவது சிபியுவுக்கும் ராமுக்கும் நடுவிலுள்ள ஒரு பாதைக்கு, இரண்டு குச்சி மாட்டினால் சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடிவிடும். இந்த வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகமே இரண்டு குச்சிக்கு 5200, நாலுக்கு 3600தான், அதற்கு மேல் வந்தால் நம் அதிர்ஷ்டம். முதலில் சிமாஸ் ரீசெட் செய்து (பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து), சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் மட்டும் மாட்டி எக்ஸ்போ போடுங்கள். முதல் தடவை மெமரி ட்ரெயினிங், அதாவது போர்டு ராமைச் சோதித்துப் பொருத்திக்கொள்வது, சில நிமிடம் இழுக்கும், திரை வரவில்லையே என்று அவசரப்பட்டு ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

95 டிகிரி அந்தச் சிப்புக்கு வைத்த வரம்புதான், பயப்பட வேண்டாம். நீங்கள் 1.4 வோல்ட் கொடுத்து எல்லா கோரையும் 5.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளியதை எடுத்துவிட்டு, பயாஸில் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 15 வையுங்கள், சூடும் குறையும் வேகமும் பெரிதாகப் போகாது.

அப்புறம் கூலரைக் கொஞ்சம் பாருங்கள். சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தறிக்குடோன், மூன்றே மாதத்தில் கூலர் தகட்டுக்குள் பஞ்சு படிந்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் இழுத்தபோது சுருள் சுருளாக வந்தது. பெருந்துறைப் பக்கம் உங்களுக்கு எப்படியோ.

இரண்டு குச்சியில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, பிழை வருகிறதா என்று சொல்லுங்கள், மீதி இரண்டை அப்புறம் பார்க்கலாம்.