உலகில் உள்ள வித்தியாசமான, வண்ணமயமான காட்டு விலங்குகள் எவை?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் அக்கா மகளின் நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, மே மாத லீவுக்கு மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளியில் இதே தலைப்பில் லீவு வேலை கொடுத்திருந்தார்கள். இணையத்தில் தேடி இருபது விலங்குகளை எழுதி, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணமும் தீட்டி வைத்திருந்தாள். முதலில் இருந்தது பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. "ஆப்பிரிக்காவில் வாழ்கிறது" என்று பக்கத்தில் குறிப்பு.

"ஏண்டி, இது நம்ம வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை" என்றேன். நம்பவில்லை. மறுநாள் காலையில் ஹார்பர் லைன் மின்ரயிலில் ஏறி, மும்பைக் கடலோரத்தில் இருக்கும் சிவ்ரிக்கு அழைத்துப் போனேன். பழைய படகுத்துறையின் எதிரே சேற்றுத்திட்டு முழுக்கப் பறவைகள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்ன சித்தி, பாதி வெள்ளையாத்தான் இருக்கு. சில பறவை சாம்பல் கலர். நெட்டுல எல்லாமே ரோஸ் கலர்ல இருந்துச்சே?"

அவள் ஏமாந்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பறவையின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. பூநாரைக்குச் சொந்த நிறம் என்று ரோஸ் கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு சாம்பலும் வெள்ளையும்தான். பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் கரோட்டினாய்டு என்ற நிறமி இருக்கிறது, கேரட்டுக்கு நிறம் தருகிற அதே குடும்பம். தின்னத் தின்ன அது இறகில் ஏறுகிறது. விலங்குக் காட்சி சாலைகளில் தீனியோடு அந்த நிறமியைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பறவை வெளுத்துவிடும். குஞ்சு வளர்க்கும் காலத்தில் தாய், தந்தை இரண்டுமே தொண்டைப் பகுதியில் சிவப்பான ஒரு பாலைச் சுரந்து ஊட்டுகின்றன. அதில் நிறமி போய்விடுவதால் அவையும் மங்கிப்போகும். பிள்ளை வளர்த்து வெளுத்துப்போவது நமக்கும் தெரிந்த கதைதான்.

மும்பைக்கு இரண்டு வகையும் வருகின்றன. பெரிய வகை உயரமானது, கொஞ்சம் வெளிறியது. சிறிய வகைக்குத்தான் நல்ல ரோஸ், கருஞ்சிவப்பு அலகு. கூட்டத்தில் பெரும்பான்மையும் அதுதான். நவம்பர், டிசம்பர் வாக்கில் வந்து மழைக்கு முன் கிளம்பிவிடும். ஏன் இந்த நகரத்துக்கு வருகின்றன தெரியுமா? நகரத்தின் கழிவுநீர் தாணே கழிமுகத்தில் கலந்து பாசியைக் கொழிக்க வைத்தது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்ம வீட்டு சாக்கடைதான் சுற்றிப் போய் ரோஸ் இறகாகத் திரும்பி வருகிறது. அந்தக் கழிமுகத்தின் ஒரு பகுதியை 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

அதன்பிறகு அவள் நோட்டை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தோம். இந்த நிறம் எங்கிருந்து வந்தது, யார் கண்ணுக்காக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் மட்டும். இருபதில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போயின. தேறியவற்றில் எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

மாண்ட்ரில். காபோன், கேமரூன் பக்கத்து மழைக்காட்டுக் குரங்கு. ஆணின் மூக்கு ரத்தச் சிவப்பு, இரண்டு கன்னமும் வரி வரியாக நீலம். பாலூட்டிகளிலேயே இவ்வளவு விசித்திரமான நிறம் வேறெதற்கும் இல்லை என்று டார்வினே 1871இல் எழுதிவிட்டார். அந்த நீலத்தில் நீலச் சாயம் துளியும் இல்லை என்பதுதான் வேடிக்கை. தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத நார்களின் அடுக்கு நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. மயிலிறகும் இதே ஜாதி ஏமாற்றுதான். அதை இடித்துப் பொடியாக்கினால் கருப்புத் தூள்தான் மிஞ்சும். மாட்டுங்கா கடையில் மயில் கழுத்துக் கலர் பட்டு எடுக்கிறோமே, அதிலாவது பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று உண்மையான சாயம் இருக்கிறது. மயிலிடம் அதுவும் கிடையாது.

மாண்ட்ரிலின் சிவப்பு வேறு விஷயம், அது தோலுக்கடியில் ஓடும் ரத்தம். கூட்டத் தலைவனாக இருக்கும் ஆணுக்கு மூக்கு பளபளவென்று சிவந்திருக்கும். பதவி போனால் சிவப்பும் குறைந்துவிடும். நம்ம ஊரிலும் சிலருக்கு இப்படி இருந்தால் எவ்வளவு வசதி!

பட்டியலில் "ஊதா அணில்" என்று ஒன்று இருந்தது. 2019இல் உலகம் முழுக்கப் பரவிய படங்களில் இருந்த இந்திய மலையணில்தான் அது. படத்தைக் காட்டியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதுவா? காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போறப்ப தலைக்கு மேல உக்காந்து பழத்தைக் கடிச்சுக் கடிச்சுப் போடுமே!" மூக்கிலிருந்து வால் நுனி வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், மெரூனும் கருப்பும் சந்தன நிறமும் கலந்த உடம்பு. நேரில் பார்த்தால் ஊதா இல்லை, படத்தில்தான் அப்படித் தெரிகிறது. ஆனால் அந்த மெரூன் ஒன்றும் குறைச்சலில்லை. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கே இதுதான், மராத்தியில் சேக்ரு என்பார்கள்.

கொலம்பியாவின் தங்க நிற விஷத் தவளை பூநாரையின் சித்தப்பா பிள்ளை மாதிரி. அதன் விஷமும் தின்ற பூச்சிகளிலிருந்து வந்தது. அங்குள்ள எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பு முனையில் அதைத் தடவி வந்தார்கள். கூண்டில் பிறந்து வளர்ந்த தவளையோ பளிச்சென்ற நிறத்தோடு, விஷமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். கண்ணாடித் தவளை தூங்கும்போது சிவப்பணுக்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைக் கல்லீரலுக்குள் ஒளித்துவைத்து உடம்பைத் தெளிவாக்கிக்கொள்கிறது. இது 2022இல்தான் தெரியவந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையையும் விடக் கூடாது. 2003இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். வருஷத்தில் சில நாள் மட்டும் மண்ணுக்கு மேலே வரும். அழகு என்று சொல்ல முடியாது, பன்றி மூக்கு.

கடைசியாகப் புலி. பட்டியலில் அவள் புலியைச் சேர்க்கவே இல்லை, "அது சாதாரணம் சித்தி" என்றாள். நான் சண்டை போட்டுச் சேர்க்க வைத்தேன். அவ்வளவு பளிச்சென்ற செம்மஞ்சளை வைத்துக்கொண்டு மானிடம் எப்படி ஒளிய முடியும்? மானுக்கு நம்மைப் போல் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது. அதன் பார்வையில் புலியும் புதரும் ஏறக்குறைய ஒரே நிறம். சரி, நேரடியாகப் பச்சையாகவே பிறந்திருக்கலாமே என்றால், பாலூட்டி உடம்புக்குப் பச்சை நிறமி செய்யத் தெரியாது. தென் அமெரிக்காவில் மரத்தில் மெதுவாக ஊர்ந்து வாழும் ஸ்லாத்கூட ரோமத்தில் பாசி வளரவிட்டுத்தான் பச்சையாகிறது. பாலூட்டிகளில் புலியின் நிறம் முழுசாகத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் நம் சொந்தக்காரக் குரங்குகளுக்கும்தான்.

சிவ்ரிக்கு வர நினைப்பவர்களுக்கு: கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெகு தூரத்தில் புள்ளியாகத் தெரியும். நீர் ஏற ஏறக் கரைப் பக்கம் ஒதுங்கும், அப்போது இருப்பது நல்லது. பைனாகுலர் கிடைத்தால் எடுத்து வாருங்கள். தாணே கழிமுகக் கரையில் இருக்கும் ஐரோலியிலிருந்து வனத்துறைப் படகும் உண்டு. கைக்குட்டை அவசியம், சேற்று வாடை அப்படி. அக்கா மகள் நோட்டில் ஆப்பிரிக்காவை அடித்துவிட்டு "ஆப்பிரிக்கா, சிவ்ரி" என்று திருத்தினாள். "சிறப்பு இயல்பு" என்ற கட்டத்தில் எழுதியது: "பூநாரை நிற்கும் இடம் நாறும்."