வேதியியல் கேள்வி–பதில்: கிராமை விட்டு மோலைப் பிடியுங்கள்

கேள்வி: 0.9 சதவீத உப்புக் கரைசலும் 5 சதவீத குளுக்கோஸ் கரைசலும் இரத்தத்துக்குச் சமச்செறிவானவை என்று படித்தேன். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறதே, எப்படி?
– நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, தேனி

பதில்: சதவீதம் காட்டுவது எடையை. சவ்வூடு பரவலை, அதாவது செல் சவ்வு வழியே நீர் நகர்வதைத் தீர்மானிப்பதோ கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை மோலில் அளக்கிறோம்; ஒரு மோல் எத்தனை கிராம் என்பதே மோலார் நிறை. ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. மோலார் நிறை 58.5. வகுத்தால் 0.154 மோல். கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனிகளாகப் பிரிவதால் துகள்கள் 0.308 மோல். குளுக்கோஸ் 50 கிராம். மோலார் நிறை 180. அது நீரில் பிரியாது, எனவே 0.278 மோல்தான். பிளாஸ்மாவில் இருப்பது ஏறத்தாழ 0.29. இரண்டும் அதை ஒட்டியே நிற்கின்றன. ஆனால் உடலுக்குள் போனபின் கதை வேறு: குளுக்கோஸைச் செல்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது வெறும் நீர். உப்பு அப்படி மறைந்துபோகாமல் செல்லுக்கு வெளியே தங்கும்.

ஆய்வகத்தில் தயாரிக்கும்போது 9 கிராம் உப்பை முதலில் சுமார் 800 மில்லி காய்ச்சி வடித்த நீரில் முழுதும் கரைத்து, பிறகு அளவுக் குடுவையில் ஒரு லிட்டர் குறிவரை நீர் சேருங்கள். ஒரு லிட்டர் நீரை அளந்து அதில் உப்பைக் கொட்டினால் பிழை சிறிதுதான். சர்க்கரையில் அப்படி இல்லை. உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து எடை மாற்றம் பார்க்கும் சோதனைக்கு ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) சுக்ரோஸ் வேண்டுமென்று 342 கிராமை ஒரு லிட்டர் நீரில் போட்டால் கன அளவு 1.2 லிட்டரைத் தொடும், செறிவு 0.82 மோலாருக்கு இறங்கிவிடும். பலருக்கு வரைபடம் கோணலாவது இங்கேதான். குளுக்கோஸ் டப்பாவின் லேபிளையும் பாருங்கள்: ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை என்றால் மோலார் நிறை 198.

கேள்வி: இரத்தத்தின் பி.எச். 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கினால் ஆபத்து என்கிறார்கள். வெறும் 0.3-க்கு இவ்வளவு பயமா?
– பிளஸ் ஒன் மாணவர், கடலூர்

பதில்: பயப்படத்தான் வேண்டும். பி.எச். மடக்கை அளவு: ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். 7.4-இல் லிட்டருக்கு 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி, 7.1-இல் சுமார் 80. அதாவது இரட்டிப்பு. அயனி கூடினால் புரதத்தின் மின்சுமைகள் மாறும், அதனால் நொதியின் வடிவமும் வேகமும் மாறும்.

இதைத் தடுக்கும் முதன்மையான தாங்கல் அமைப்பு பைகார்பனேட். இரத்தத்தில் அது 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல், விகிதம் 20-க்கு 1. இருபதின் மடக்கை 1.3. கார்பன் டை ஆக்சைடு நீரில் தரும் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) மதிப்பு 6.1-ஐக் கூட்டினால் 7.4 வந்துவிடுகிறது. தாங்கல் கரைசல் தன் பி.கே.ஏ.வுக்கு அருகில்தான் நன்றாக வேலை செய்யும் என்று படித்திருப்பீர்கள். இங்கே 1.3 தள்ளி இருந்தும் அது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை ஓயாமல் வெளியேற்றுவதும் சிறுநீரகம் பைகார்பனேட்டைக் காப்பதும்தான். மூடிய குடுவையில் இந்த அமைப்பு இவ்வளவு திறமையாக இயங்காது.

கேள்வி: நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றனவா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பதில்: இல்லை. விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு. மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல். மூலக்கூறுக்குள் அணுக்களை இணைக்கும் சகப்பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 460 வேண்டும். டி.என்.ஏ.வின் இரு இழைகளைச் சேர்த்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு, ஒவ்வோர் இழைக்குள்ளும் இருப்பது சகப்பிணைப்பு. அதை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரு இழைகள் பிரிந்தும் ஒவ்வோர் இழையும் அறுபடாமல் இருப்பது இதனால்தான்.