ரோஷ்ஃபோர் 10 மாதிரி ஸ்ட்ராங்கான பெல்ஜிய ஏலை (ஏல் ஒரு வகை பீர்) எப்படிக் குடிக்க வேண்டும்? பாட்டில் அடியில் கசடு தெரிகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை, அது ஈஸ்ட். இந்த ஏல் பாட்டிலுக்குள் போன பிறகும் ஒருமுறை நொதிக்கும். மூடி போடும் முன் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவைக் கொடுத்துவிட்டு அடியில் படிந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரிகிற படலம் இதுதான்.

குடிப்பதற்கு முன் ஒரு கணக்கு. பெயரிலுள்ள 10 ஆல்கஹால் சதவீதம் இல்லை. வோர்ட்டின், அதாவது நொதிப்பதற்கு முந்தைய இனிப்பான மால்ட் கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் பழைய பெல்ஜிய அளவு. ஆல்கஹால் 11.3%. 33 சென்டிலிட்டர் பாட்டிலில் சுமார் 37 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது, அதாவது 42.8% விஸ்கியில் கிட்டத்தட்ட மூன்று ஸ்மால். சின்ன பாட்டில்தானே என்று மடமடவென்று இறக்கினால் ருசியும் தெரியாது, எழுந்து நிற்கும்போது தலையும் சுற்றும். ஒரு பாட்டிலுக்கு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். அன்றைக்கு வண்டியைத் தொட வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது குளிர்ச்சியில்தான். லாகருக்கு, அதாவது ஜில்லென்று குடிக்கும் வழக்கமான பீருக்குப் பழகிய கை பாட்டிலை ஐஸ் மாதிரி ஆக்கிவிடும். 4 டிகிரியில் வாசனை மேலே எழும்பாது. நாக்கில் வாயுவின் சுருக்கும் ஆல்கஹால் காரமும்தான் மிஞ்சும். "இதுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இப்படிக் குடித்தவர்கள். இது 12 முதல் 14 டிகிரியில் திறக்கும் சரக்கு. அறை 30 டிகிரி இருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வைத்தால் போதும், மீதிச் சூடு கிளாஸில் ஏறிக்கொள்ளும். முதல் வாய் கொஞ்சம் குளிராக இருப்பது நல்லதுதான்: முதலில் கொக்கோவும் கருகின சர்க்கரையும், சூடு ஏற ஏற அத்திப்பழம், உலர்திராட்சை, கிராம்பு என்று ஒவ்வொன்றாக வரும். பழ வாசனையும் கிராம்பும் பெரும்பாலும் ஈஸ்ட் செய்கிற வேலை. லேசாகத் தனியா வாசனை அடித்தால் அது பிரமை இல்லை. இந்த ஏலைக் காய்ச்சும், பெல்ஜியத்தின் நமூர் மாகாணத்து செயின்ட் ரெமி மடத்தில் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஊற்றுவதற்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். படுக்க வைத்த பாட்டில் என்றால் கசடு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், திறந்ததும் கலங்கிவிடும். குலுங்கியோ சூடாகவோ இருக்கும் பாட்டிலைத் திறந்தால் நுரை மேஜைக்குத்தான் போகும். வாய் அகன்ற கோப்பைக் கிளாஸ் இல்லாவிட்டால் பெரிய ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும், அதனால் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே ஊற்றுங்கள். உள்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டி நின்றால் கிளாஸ் சுத்தமில்லை.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஆரம்பியுங்கள். பாதி நிறைந்ததும் நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் நுரை நிற்கும். ஊற்றி முடிக்கும் வரை இடையில் பாட்டிலை நிமிர்த்தாதீர்கள். ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் அடியில் இருப்பது கிளம்பும். கழுத்துக்குள் சாம்பல் கலந்த மாதிரிக் கலங்கல் நகர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் 20 மில்லி மிஞ்சும். அந்த ஈஸ்ட் விஷமில்லை, ரொட்டி மாவு ருசியோடு கொஞ்சம் கசக்கும், சிலருக்கு வயிறு இளகும். விட்பியரில் (கோதுமை பீர்) மட்டும் கதை தலைகீழ்: அதில் கசடை வேண்டுமென்றே சுழற்றி ஊற்றுவார்கள்.

உண்மையிலேயே கெட்டது எது என்றால், ஈரமான அட்டைப்பெட்டி வாடை. நாள்பட்டோ வெயிலிலோ சூடான குடோனிலோ கிடந்து ஆக்சிஜன் பட்டதன் விளைவு. காடி மாதிரிப் புளித்தால் கிருமி புகுந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து கிடையாது, கொட்டிவிடலாம். இருட்டில், 10–15 டிகிரியில் நிற்க வைத்தால் இந்த ஏல் சில வருடம் தாங்கும். நாளாக ஆக ஷெர்ரி ஒயின் சாயல் வரும். வாயு குறையும் என்பதால் அதை மேன்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

சைடு டிஷ்ஷாக மிளகாய்க் காரம் வேண்டாம். ஆல்கஹாலும் வாயுவும் எரிச்சலை இரட்டிப்பாக்கும். ப்ளூ சீஸ், 70% டார்க் சாக்லேட், உப்பு போட்ட பாதாம் பொருந்தும்.

திறந்ததை மூடி நாளைக்கு வைக்க முடியாது, வாயு போய்ச் சப்பென்று ஆகிவிடும். அதிகம் என்று தோன்றினால் இரண்டு பேராகப் பகிருங்கள். இரண்டு கிளாஸையும் ஒட்டி வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகர்த்தி ஊற்றுங்கள். இரண்டாவது கிளாஸ் சற்றுக் கலங்கலாக வரும். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.